அண்ணன் மாற்றி எழுதாத தகடு

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது, ஆறாம் வகுப்போடு நின்றவன் நான், வேறு யாரையாவது கேளுங்கள் என்றேன்.

"நீங்கதான் எழுதணும் தம்பி. மத்தவங்க எழுதுனா புகழ்ந்துருவாங்க. அவருக்குப் புடிக்காது" என்றார்.

உண்மைதான். யாராவது புகழ்ந்தால், இவனுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று அண்ணன் யோசிப்பார். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணன் காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தார். அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பதினொரு வயது, எனக்கு நான்கு. அம்மா பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்து எங்களை வளர்த்தார். அண்ணன் பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் முடித்து, கிள்ளான் துறைமுகத்தில் டேலி கிளார்க்காகச் சேர்ந்தார். கப்பலில் வந்திறங்கும் சரக்கை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கிளார்க் பார்க்க முடியாது. அதனால் தாளில் 'இன்னது எனச் சொல்லப்படுவது' என்று எழுதுவார்கள். பெட்டியைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தவர் மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தார். கோயிலில் யாராவது என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டால், "என் தம்பின்னு அம்மா சொன்னாங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

என்னை நம்பாததற்கு அவருக்குக் காரணம் இருந்தது. நான் ஓரிடத்தில் நின்றவனில்லை. மீன்பிடிப் படகு, கட்டுமான வேலை, லோரி என்று ஊர் ஊராகப் போனேன். அம்மா இறந்த அன்று ஜொகூரில் இருந்தேன். போன் வந்ததும் கிளம்பிவிட்டதாகச் சொன்னேன். மறுபடி கேட்டபோது, பாதி வழி வந்துவிட்டதாகச் சொன்னேன். நான் கிளம்பவே இல்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியவில்லை. எனக்காக மாலைவரை அம்மாவைக் கிடத்தி வைத்திருந்தார்கள். அதன்பின் நான் சொல்லும் எதையும் அண்ணன் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. திட்டவும் இல்லை.

வேலை ஓய்வுக்குப் பிறகு, பண்டமாரான் வீட்டுப் பின்புறத்தில் வாழை வைத்தார். கொடுப்பவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கன்று கொடுப்பார்கள். பாசார் சந்தையில் ஓர் ஆன்டி ரஸ்தாளி என்று சத்தியம் செய்து கொடுத்தது, தார் விட்டதும் வறுக்கிற காயாக இருந்தது. அன்றிலிருந்து காலி பானக் கேன்களை வெட்டித் தகடாக்கி, ஆணியால் அழுத்தி எழுதி, ஒவ்வொரு புதரின் பக்கத்திலும் குச்சி நட்டுக் கட்டிவிட்டார். 'பெராங்கான் எனச் சொல்லப்படுவது.' 'செவ்வாழை எனச் சொல்லப்படுவது.' பூவின் நிறம், சீப்பின் எண்ணிக்கை, தோலின் கனம், பழத்தின் புளிப்பு எல்லாம் பார்ப்பார். மூன்று தார் ஒரே மாதிரி வந்தால்தான் பழைய தகட்டைக் கழற்றிவிட்டு, வெறும் பெயரோடு புதியது கட்டுவார். அண்ணியின் கைப்பேசியில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலி ஒன்று வந்தது. ஒரே மரத்துக்குக் காலையில் ஒரு பெயர், மத்தியானம் ஒரு பெயர் சொல்லியது. "இதுக்கும் ஒரு தகடு கட்டணும் போலருக்கே" என்றார்.

பதினொரு புதர்களில் ஒன்றைக் கொண்டுவந்தவன் நான்.

லயத்துக்குப் பின்னால் அம்மா வைத்த வாழை ஒன்று இருந்தது. காயின் மேல் திருநீறு பூசியது போல வெள்ளை படிந்திருக்கும். பழத்தில் எப்போதாவது கறுப்பு விதை கடிபடும். தோட்டத்தை விற்று எல்லாரையும் வெளியேற்றியபோது அதை அங்கேயே விட்டுவந்தோம். "காப்பார் பக்கம் போனா எட்டிப் பாருடா. இருந்தா ஒரு கன்னு எடுத்துட்டு வா" என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அம்மா போன பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது.

போனேன். சுற்றிலும் தகரவேலி. உள்ளே வீடு கட்டுவதற்காக எல்லாவற்றையும் வழித்துச் சமப்படுத்திய செம்மண். நேபாளக் காவலாளியிடம் வாழை பற்றிக் கேட்டேன். வேலியை இரண்டு முறை சுற்றி நடந்தேன். ஒன்றும் இல்லை. திரும்பும் வழியில், ஒரு பெரிய கால்வாய் ஓரம் கேட்பாரற்று நின்ற புதரில் கன்று ஒன்றைத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

"எங்கேருந்துடா எடுத்த?"

"நம்ம லயத்துக்குப் பின்னாலருந்துதாண்ணே."

"லயம் இருக்கா?"

"லயம்லாம் இல்ல லா. வாழை மட்டும் இருக்கு."

கன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் தகடு கட்டினார்: 'அம்மாவின் வாழை எனச் சொல்லப்படுவது.'

முதல் தாரில் வெள்ளைப் படலம் இருந்தது. எனக்கே ஆச்சரியம். விதை மட்டும் இல்லை. விவசாய இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அங்கிள் ஒருவரை அண்ணன் அழைத்து வந்து காட்டினார். அவர், இது பிசாங் அவாக் என்ற ரகம், காட்டு வாழை பக்கத்தில் இருந்தால்தான் விதை வரும், பண்டமாரானில் வராது, விதையில்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார். நான் மூச்சு விட்டேன். அண்ணன் என்னைப் பார்த்தார்.

மூன்றாவது தாரும் வந்தது. தகடு மாறவில்லை. நான்காவதும் வந்தது. அதே நாட்களில் நட்ட மற்ற புதர்களுக்கெல்லாம் புதுத் தகடு வந்துவிட்டது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"இன்னும் என்னை நம்பலையாண்ணே?"

"நம்பலைன்னு எங்கடா எழுதியிருக்கு? ஆறாங்கிளாஸ் படிச்சல்ல, வாசி."

அவருக்கு ஏதோ தெரியும் என்ற சந்தேகம் எனக்கு அன்றுதான் பிடித்தது. தெரிந்தால் ஏன் கேட்கவில்லை? தெரியாவிட்டால் ஏன் மாற்றவில்லை? காப்பார் என்று யார் பேச்செடுத்தாலும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

கடைசி இரண்டு வருடங்கள் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். வாழைப்பழம் தொடவே கூடாது என்றார் டாக்டர். பதினொரு புதர் வைத்திருப்பவர் ஒரு பழம் தின்ன முடியாமல் உட்கார்ந்திருந்தார். அதனால் என்னைத் தின்னச் சொல்லி, ருசி எப்படி என்று கேட்டுக்கொள்வார். நான் கொண்டுவந்த புதரில் அவர் பார்த்த கடைசித் தார் பழுத்தபோதும் கேட்டார்.

"விதை கடிபட்டுச்சா?"

"பட்டுச்சுண்ணே. ஒண்ணு."

உள்ளங்கையை நீட்டினார். "துப்பு, பாப்போம்."

"முழுங்கிட்டேன்."

"முழுங்கிட்டானாம்" என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். அதன்பின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அடுத்த மாதம், டயாலிசிஸ் முடிந்து வீடு வந்தவர், சாய்வு நாற்காலியில் படுத்தபடியே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், பின்புறத்தில் நின்று, அந்தக் கன்று எங்கிருந்து வந்தது என்பதை அண்ணியிடம் சொன்னேன்.

"தெரியும் தம்பி" என்றார். "நீங்க கொண்டாந்த மறுவாரமே அவரு மோட்டார எடுத்துட்டுக் காப்பார் போனாரு. வேலி போட்டிருக்கு, உள்ள ஒரு புல்லு இல்லன்னு வந்து சொன்னாரு. அப்ப தம்பிகிட்ட கேக்கலாமேன்னேன். 'அங்க காவலுக்கு நிக்கிற ஜாகா சொன்னான். போன வாரமும் ஒரு ஆளு வந்து வாழை கேட்டானாம், வேலிய ரெண்டு சுத்து சுத்துனானாம். இவன் நெசமாவே போயிருக்கான்'னாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல."

யார் வாயால் சொன்னதையும் நம்பாத அண்ணன், முன்பின் தெரியாத ஒரு காவலாளி சொன்னதை எனக்காக நம்பியிருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, திறக்காததைப் போலவே எழுதி வைத்திருக்கிறார். வேறெங்கும் அவர் அப்படிச் செய்து நான் அறியேன்.

அண்ணனை டயாலிசிஸுக்கு அழைத்துப்போன பக்கத்து வீட்டாருக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், பாடை தூக்கிய துறைமுக நண்பர்களுக்கும், பதினாறு நாளும் சமையலறையைப் பார்த்துக்கொண்ட உறவுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று வந்திருக்கும் உங்களுக்கு, மலரோடு அந்தப் புதரிலிருந்து ஆளுக்கொரு வாழைக்கன்று கொடுக்க அண்ணி எடுத்து வைத்திருக்கிறார். அம்மாவின் வாழை என்று சொல்லி யாரும் வாங்கிப் போக வேண்டாம். அதே ரகமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நட்ட பிறகு தகடு கட்டுவதானால் அண்ணன் எழுதியபடியே எழுதுங்கள்: 'அம்மாவின் வாழை எனச் சொல்லப்படுவது.'

சொன்னவன் நான்.