முள் ஏறியதை அறியாத கால்

இருமல் வந்தால் என் வீட்டுக்காரர் லூர்துநாதன் முதலில் சுவரைப் பிடித்துக்கொள்வார், பிறகுதான் இருமுவார். தும்மலுக்கும் அப்படியே. கிணறு வெட்டுகிறவர், இரண்டு பேர் தூக்குகிற கல்லைத் தனியாகத் தூக்குகிறவர், இருமலுக்கு ஏன் சுவரைத் தேடுகிறார் என்று பல வருடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்டதில்லை.

1957 கோடையில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து எங்கள் ஊர் ஆவூருக்கு நடந்து வந்தார். வாசலில் நின்ற அவருடைய அண்ணன் ஆரோக்கியமுத்து, தம்பியின் இடது காலைப் பார்த்தார். பாதத்தின் வெளி ஓரத்தில் கருவேல முள் ஆழமாக ஏறி, ரத்தம் காய்ந்திருந்தது.

"முள்ளு ஏறினதுகூடத் தெரியலையாடா ஒனக்கு?"

"தெரியலண்ணே."

அண்ணன் பின்னால் நகர்ந்தார். கால் மரத்துப்போனால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: பெருநோய் என்கிற குஷ்டம். அன்றைக்கே என் வீட்டுக்காரர் பாயை மாட்டுக்கொட்டகைக்குக் கொண்டுபோனார். மூன்று வயது மகளைக் கிட்டே விடவில்லை.

"ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் எங்கிட்டாவது போயிடுறேன். நீ புள்ளைய வச்சுக்கிட்டு இரு."

"போறவரு பெரிய ஆஸ்பத்திரி வழியாப் போங்க. நானும் வாரேன்" என்றேன். அவ்வளவு பேசியதற்கே எனக்கு வியர்த்துவிட்டது.

புதுக்கோட்டையில் டாக்டரம்மா அவர் உடம்பெல்லாம் தேமல் தேடினார். முழங்கை, முழங்கால் பக்கத்து நரம்புகளை விரலால் உருட்டிப் பார்த்தார். காலில் குண்டூசியால் குத்திக்கொண்டே வந்தார். மற்ற இடத்திலெல்லாம் "வலிக்குது" என்றவர், பாதத்தின் வெளி ஓரத்திலும் சுண்டுவிரலிலும் பேசாமல் இருந்தார்.

"இருமினா கால்ல வலி இறங்குமா?"

"அதெல்லாம் இல்லீங்க."

வலி என்று சொன்னால் மேஸ்திரி கிணற்றில் இறக்கமாட்டார் என்று மறைத்து மறைத்துப் பழகிய வாய். கதவோரம் நின்ற நான் உள்ளே வந்தேன்.

"பொய்யிங்கம்மா. சொவத்தைப் புடிக்காம இருமவே மாட்டாரு. இருமுறப்ப இடது குதிகாலு தரைய விட்டு எந்திரிச்சிரும்."

டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் இடது காலை மெல்லத் தூக்கினார். ஒரு முழம் தூக்குவதற்குள் அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாடி, இடுப்புலேருந்து பாதம் வரைக்கும் நெருப்பா இழுக்குது" என்றார்.

"இது பெருநோய் இல்ல" என்றார் டாக்டரம்மா. "கோளாறு கால்ல இல்ல, முதுகுல. முதுகெலும்புல எலும்புக்கு எலும்பு நடுவுல மெத்தை மாதிரி ஒரு வில்லை இருக்கு. பாரம் தூக்கித் தூக்கி அது பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை அடியிலேயே அமுக்குது. அமுங்குறது அங்க, மரத்துப்போறது இங்க."

"தொத்துமாங்கம்மா?" என்று கேட்டேன்.

"அவரு தூக்குன கல்லை நீயும் தூக்குனா வரும்."

திரும்பும் பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆவூரில் இறங்கியதும் அவரை விட்டுவிட்டு முன்னால் ஓடினேன். மச்சாண்டார் ஆரோக்கியமுத்து முன்னால் தலைநிமிராத நான், "முதுகுங்க, முதுகு" என்று மூச்சுவாங்கச் சொன்னேன்.

"யாருக்கு, ஒனக்கா?" என்றார் அவர்.

பிறகு எல்லாம் விளங்கச் சொன்னதும், கொட்டகைக்குப் போய்ப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். டாக்டரம்மா சொன்னபடி என் வீட்டுக்காரர் மாதக்கணக்கில் பலகையில் படுத்தார். இழுக்கிற வலி குறைந்தது.

இப்போது 1963. அவர் கல் தூக்குவதில்லை; கீரனூர்ச் சந்தையில் கயிறு விற்கிறார். இடது கால் சுண்டுவிரல் இன்னும் மரத்தே இருக்கிறது. மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள்.