கேட்காமல் அடித்த டிராகன்

போன வாரம் பழைய ஜெர்கினை வெயிலில் போட எடுத்தேன். உள்பையிலிருந்து ஒரு விளையாட்டு அட்டை விழுந்தது. நெருப்பைக் கக்கும் டிராகன். ஏற்காட்டு ஈரத்தில் அப்பளம் மாதிரி வளைந்துபோயிருந்தது. முகர்ந்து பார்த்தேன். பூஞ்சை வாசனைக்கு அடியில் காப்பிக்கொட்டை வாசனை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், வீட்டில் யாரும் பார்ப்பதற்குள் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன்.

அப்போது நான் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனிஸ்ட். பழைய எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்குச் சுண்ணாம்படித்து, வராந்தாவில் இரண்டு பிரம்பு நாற்காலி போட்டால் ரிசார்ட். மூடுபனியை எங்கள் சொந்தத் தயாரிப்பு மாதிரி விளம்பரம் செய்வோம். அதே பனி மெத்தையை நனைத்துவிட்டால் இயற்கையின் குற்றம்.

பெங்களூர்க் கூட்டம் ஒன்று அறையில் விளையாட்டு அட்டைகள் அடங்கிய ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போனது. பூதம், மந்திரவாதி, டிராகன் எல்லாம் உள்ளே. மூன்று மாதம் யாரும் கேட்கவில்லை. நாங்களே ஆட ஆரம்பித்தோம். நாங்கள் என்றால் நான், ஹவுஸ்கீப்பிங் பார்த்த ஸ்டெல்லா அக்கா, செம்மநத்தம் கிராமத்திலிருந்து வந்து சமைத்த அண்ணாமலை அண்ணன். ஆளுக்கு இருபது காப்பிக்கொட்டை உயிர். அட்டையைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தால் அடி; அடி விழ விழக் கொட்டை குறையும். கொட்டை தீர்ந்தவர் எழுந்து டீ போடப் போகவேண்டும்.

விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு விதி எங்களிடம் இருந்தது. அடிக்கும் முன் "ஏனுங்க, அடிக்கட்டுங்களா?" என்று கேட்கவேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை. கேட்காமல் அடிக்க அக்காவுக்கும் அண்ணனுக்கும் கை வராது. கேட்டால், எதிராளி படுத்துக் கிடக்கும் ஓர் அட்டையை எழுப்பிக் காவலுக்கு நிறுத்திக்கொள்ளலாம். அடித்தவர் கோவிச்சுக்காதீங்க என்பார். உலகத்தை அழிக்க வந்த பூதங்கள் இவ்வளவு மரியாதையாக வேறெங்கும் சண்டை போட்டிருக்காது.

நான் மட்டும் அறிவாளி. செல்போனில் யுத்த தந்திரம் படித்தேன். மூன்று பேர் ஆட்டத்தில் முன்னால் நிற்பவன் முதலில் சாவான். ஆகவே பாவம் மாதிரி உட்கார்ந்திரு, மற்ற இருவரையும் மோதவிடு. இதற்குப் படிப்பே தேவையில்லை, எங்கள் மேனேஜர் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

டிசம்பரில் அவர் எங்களைக் கூப்பிட்டு, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். அவர் குடும்பம் என்றாலே லீவு இல்லை என்று அர்த்தம். கிறிஸ்துமஸுக்கு ஒருவர் மட்டும் போகலாம், யாரென்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று கைகழுவிவிட்டார். ஸ்டெல்லா அக்காவின் மகள் அன்று சர்ச்சில் காலைப் பூசையில் முதல்முறையாகத் தனியாகப் பாட இருந்தாள். அதை எங்களிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நியாயமாகப் பார்த்தால் லீவு அவருக்குத்தான். ஆனால் அக்காவே, சும்மா வாங்கிக்கொண்டால் நல்லாயிருக்காது, ஆடி ஜெயித்தே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

மலைப்பாதையில் பாறை விழுந்து விருந்தினர் வராத ஒரு மதியம் ஆடினோம். அண்ணனுக்கு லீவெல்லாம் வேண்டாம், அடிப்பதுதான் ஆசை. வழக்கம்போல முன்னால் நின்றார். நான் பாவமாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அக்காவிடம் ஏழு கொட்டை, காவலுக்கு ஒரே ஒரு கல் பூதம். அது நிற்கும்வரை என் டிராகன் உள்ளே போகமுடியாது. ஆனால் அடிக்கப் போன அட்டை அடுத்த சுற்றுவரை படுத்துவிடும்.

"அண்ணன முடிச்சுருங்க அக்கா. உங்கள அடிக்கறதுன்னா கேட்டுட்டுத்தானுங்க அடிப்பேன்."

"நெசமாவா கண்ணு?"

"நெசமாத்தானுங்க."

பூதம் போனது. அண்ணன் டீ போட எழுந்து போனார். அக்கா, படுத்த பூதத்தின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கேட்டதும் எழுப்புவதற்காக.

நான் கேட்கவில்லை. டிராகனைத் திருப்பினேன். எட்டு அடி. கேட்கவேண்டும் என்று எங்கேயும் இல்லை என்று புத்தகத்தின் பக்கத்தைக்கூடப் புரட்டிக் காட்டினேன். அக்கா விரலை எடுத்துவிட்டு, ஏழு கொட்டையையும் கூட்டி டப்பாவில் போட்டார்.

ஜெயித்தபின் பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. அக்கா வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்காமல் அடித்தவனுக்கு, அடுத்தவர் கேட்கவேண்டுமாம். கிறிஸ்துமஸ் அன்று சேலத்து வீட்டில் பதினொரு மணிவரை தூங்கினேன். அக்கா சிவப்புத் தொப்பி போட்டு வாசலில் நின்று விருந்தினருக்குக் கேக் கொடுத்திருக்கிறார். வெட்கங்கெட்ட தூக்கம் அது.

அதன்பிறகும் கொஞ்ச நாள் ஆடினோம். அக்கா என்னை அடிக்கவே இல்லை. கண்ணு என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது. ஒருநாள் ஆட்டம் தொடங்கும் முன்பே தன் இருபது கொட்டையையும் என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே வெச்சுக்கோங்க தம்பி."

அதோடு பெட்டியை மூடிவிட்டோம்.

அந்த ரிசார்ட்டுக்கு இப்போது மூன்றாவது பெயர். அண்ணன் ஊரோடு போய்விட்டார். அக்கா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை; அவர் மகள் இன்னும் பாடுகிறாளா என்றும் தெரியாது. அந்த விளையாட்டு செல்போனிலேயே வந்துவிட்டது. முகம் தெரியாத மூன்று பேரோடு பஸ்ஸில் உட்கார்ந்து ஆடுகிறேன். எல்லோரும் புத்தகத்தில் உள்ளபடி, கேட்காமல்தான் அடிக்கிறார்கள். நான் மட்டும் டிராகனைத் திருப்பும் முன் திரையைப் பார்த்து, அடிக்கட்டுங்களா என்கிறேன். பக்கத்து சீட்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறார்.