நீல நூலால் தைத்த பக்கங்கள்

அம்மா இல்லாத முதல் வருடம் முடிகிறது. இந்த நினைவு மலரில் அண்ணன்தான் எழுதியிருக்க வேண்டும். “கடைசிவரைக்கும் கூட இருந்தது நீ. நீயே எழுது” என்று சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பனவடலிசத்திரத்தில் பிறந்தார்கள். எட்டாம் வகுப்பு முடித்து, தையல் படித்து, பத்தொன்பது வயதில் சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார்கள். அப்பாவுக்கு விசைத்தறியில் வேலை, பெரும்பாலும் மாலை ஷிப்ட். அதனால் ஏழு மணிக் குடும்ப ஜெபத்தை அம்மாதான் நடத்துவார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் மெஷினை நிறுத்திவிட்டு, அதன் பலகைமேலேயே வேதத்தையும் பிள்ளைகளுக்கான தினதியானப் புத்தகத்தையும் விரிப்பார்கள். ஒரு வசனம், ஒரு கதை, ஒரு சின்ன ஜெபம். அண்ணன், நான், தம்பி மூவரும் முறைவைத்து வாசிக்க வேண்டும்.

என் முறை வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“ஏட்டி, கொசு இதவிடச் சத்தமாப் பாடும்லா” என்பார் அண்ணன்.

“நீ சும்மா இருலே. ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும். நீ வாசி மக்கா” என்பார்கள் அம்மா.

புத்தகங்களைச் சபை உபதேசியார் பாளையங்கோட்டைக்குப் போய்வரும்போது வாங்கிவருவார். அட்டையில் ‘சிறுவர்களுக்கு’ என்று போட்டிருந்தால் போதும் என்றுதான் அம்மா முதலில் நினைத்திருந்தார்கள்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. தோழி வீட்டில் கணக்குப் போடப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, தபசுத் திருவிழாவுக்கு வந்த ராட்டினத்தில் ஏறிச் சுற்றினேன். அதே வாரம் தம்பிக்கு அம்மை போட்டது. மூன்றாம் நாள் ஜெபத்தில் என் முறை. தாயிடம் பொய் சொன்ன சிறுமியைத் தண்டிக்க, அவளுடைய தம்பியைக் கடவுள் காய்ச்சலில் எடுத்துக்கொண்டார் என்று கதை. பாதியில் நிறுத்திவிட்டேன். வழக்கமான வெட்கம் என்று நினைத்து அண்ணன் மீதியை வாசித்தார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பள்ளிக்கும் போகாமல், தம்பிக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி அவன் பாயருகே உட்கார்ந்திருந்தேன்.

“என்னட்டி, சொல்லு” என்று அம்மா என் நாடியை நிமிர்த்தினார்கள்.

“யம்மா, தம்பி செத்துப் போவானா? நான் ராட்டினத்துக்குப் போனேம்மா.”

அம்மாவுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார்கள்.

“பொய் சொன்னதுக்கு இது. இதோட தீந்துபோச்சு. அது ஒனக்கும் எனக்கும் உள்ள சங்கதி. அதுக்கு அவன் என்னட்டி செஞ்சான்? ராட்டினத்துல ஏறுனவ தம்பிக்கெல்லாம் அம்மை குடுத்துட்டுத் திரிய, ஆண்டவருக்கு வேற சோலி இல்லையா?”

அப்புறம்தான் நான் அழுதேன். பத்து நாளில் தம்பி எழுந்து ஓடினான்.

நான் அழுத அன்று மாலைக்குள் அம்மா அந்தப் புத்தகத்தை முழுவதும் வாசித்து முடித்தார்கள். மிரட்டும் கதை வந்த இடத்திலெல்லாம் இரண்டு தாள்களைச் சேர்த்து, சீருடைக்கு வைத்திருந்த நீல நூலால் பெரிய பெரிய தையலாகத் தைத்து மூடினார்கள். தைத்த பக்கத்துக்கான நாள் வந்தால் வேதத்தை மட்டும் வாசிப்போம். அதன்பிறகு அம்மா வாசித்து முடிக்காத எந்தப் புத்தகமும் எங்கள் கைக்கு வந்ததில்லை.

உபதேசியார் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார்.

“ஏம்மா, கர்த்தருடைய காரியத்தத் தைச்சு வைக்கலாமா?”

“வேதத்துல நான் கை வைக்கலய்யா. அதுல சிலுவை இருக்கு, சாவு இருக்கு, பிள்ளைக வாசிக்கத்தான் செய்யுது. இது யாரோ எழுதுன கதைலா? ஜெபம் முடிஞ்சா பிள்ளைக நிம்மதியாத் தூங்கணும்யா.”

அவர் அடுத்த தடவை இரண்டு புத்தகங்களோடு வந்து, “நீயே பாத்துச் சொல்லும்மா. மத்த வீட்டுக்கும் அதையே வாங்கிருதேன்” என்றார்.

எண்பதுகளின் நடுவில் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார்கள். நான் பள்ளியை விட்டுவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் காஜா எடுக்கவும் பொத்தான் வைக்கவும் உட்கார்ந்தேன். அந்த மெஷின் ஓடித்தான் மூவரும் ஆளானோம். ஏழு மணி ஜெபம் ஒரு நாளும் நின்றதில்லை.

கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது, அந்தப் பழைய புத்தகத்தை பீரோவிலிருந்து எடுத்துவரச் சொன்னார்கள். கடைசித் தாள்களுக்குப் பக்கத்தில் ஒரு தையல் மட்டும் வெள்ளை நூலில், பொடியாக, நெருக்கமாக இருந்தது. நான் அதுவரை அதைக் கவனித்ததில்லை.

“இதப் பிரி” என்றார்கள்.

பிளேடால் பிரித்தேன். தாயை இழந்த மூன்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வளர்ந்த கதை. தண்டனையும் இல்லை, மிரட்டலும் இல்லை.

“இதுல பயப்பட என்னம்மா இருக்கு?”

“ஒனக்கில்லட்டி, எனக்கு. அப்பா தவறுன வருசம் தைச்சேன். நானும் போயிட்டா ஒங்களுக்கு யாருன்னு நெனச்சு, அந்தப் பக்கத்தத் தாண்ட முடியல.” மூச்சு வாங்கிவிட்டு, “இப்போ பயமில்ல. வாசி” என்றார்கள்.

வாசித்தேன். அடுத்த அறையில் படுத்திருந்த அண்ணன் எழுந்து வந்து கதவருகே நின்றார். அவருக்குக் கேட்டிருக்கிறது.

அம்மாவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் தங்கச்சிக்கும், தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்து ஜெபித்த சபைப் பெண்களுக்கும், அடக்கத்தன்று எங்களோடு நின்ற உறவினர் எல்லோருக்கும் நாங்கள் மூவரும் நன்றி சொல்லுகிறோம்.

நீலத் தையல்களை நாங்கள் பிரிக்கவில்லை. ஒன்றாம் வகுப்பு படிக்கும் அண்ணன் பேத்திக்கு அந்தப் புத்தகத்திலிருந்துதான் வாசிக்கிறேன். தைத்த இடம் வந்தால் அவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தானே அடுத்த தாளைப் புரட்டுகிறாள். வெள்ளை நூல் இருந்த பக்கத்தை, நினைவு ஜெபத்தன்று உங்கள் எல்லோர் முன்பாகவும் நான் வாசிக்கப் போகிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.