கெதியும் கெட்டியும்

சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒன்பது மரக்கட்டைகள். படத்தில் உள்ளபடி அவற்றை இரண்டு நிமிடத்துக்குள் அடுக்க வேண்டும். அடுக்கத் தெரியாதவர்களுக்குப் புத்தி குறைவு, புத்தி குறைந்தவர்கள் கோபம் வந்தால் கையை அடக்கமாட்டார்கள் என்பது தெற்கிலிருந்து வந்த டொக்டரின் நம்பிக்கை. சண்டைக்காலம், பாதை திறந்தால்தான் அவர் மன்னாருக்கு வருவார். நீதிமன்றம் அனுப்புகிறவர்களை அவர் சோதிப்பார். அவருடைய சிங்களத்தைத் தமிழில் சொல்வது என் வேலை. இரண்டு மொழி தெரிந்த திமிரில் நானும் அவர் சொன்னதை அப்படியே நம்பினேன்.

அன்று எங்கள் முன்னால் இருந்தவர், மலைநாட்டுக் கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து, கட்டுக்கரைப் பக்கம் குடியேறிச் சில மாதங்களே ஆன பெண். வயலில் மகளின் கையைப் பிடித்து இழுத்த மேற்பார்வைக்காரனை அரிவாளால் அடித்ததில் அவன் மணிக்கட்டு முறிந்துவிட்டது. புத்தி குறைந்தவர், ஆபத்தானவர் என்று டொக்டர் எழுதினால் தூரத்துக் காப்பகம் ஒன்றில் அடைத்துவிடுவார்கள். மகளுக்கு வேறு நாதியில்லை.

“அம்மா, கெதியா வையுங்கோ” என்றேன். அவர் ஒரு கட்டையை வைத்து, உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்து, பிறகே அடுத்ததை எடுத்தார். மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு மறுபடியும் “கெதியா” என்றேன். இன்னும் பலமாக அமுக்கினார். மூன்று கட்டைகளோடு நேரம் முடிந்தது. டொக்டர் எழுதத் தொடங்கினார். எனக்கோ எரிச்சல்.

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இன்னும் எம்புட்டுங்க கெட்டியா வைக்கணும்?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விரைவாக என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் சொல், அவர் காதில் உறுதியாக என்று விழுந்திருக்கிறது. பிழை என்னுடையது என்று டொக்டரிடம் ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருந்தது. ஒப்புக்கொண்டேன். இன்னொரு படம் தந்தார். இந்த முறை “சீக்கிரம்” என்றேன். ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

டொக்டர் மகிழவில்லை. இவ்வளவு கெட்டிக்காரி என்றால் யோசித்துத்தான் அடித்திருப்பாள், அது இன்னும் ஆபத்து என்றார். எனக்குக் கோபம் வந்தது. மட்டி என்றாலும் குற்றம், கெட்டிக்காரி என்றாலும் குற்றமா? அவரிடமே கேட்டுப் பார்க்கலாமே என்றேன். கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“யோசிச்சுத்தாங்க அடிச்சேன். அதான் வெட்டிறக் கூடாதுன்னு அருவாளத் திருப்பிப் புடிச்சேன்.”

ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மொழிபெயர்த்தேன். டொக்டர் முன்பு எழுதியதை வெட்டிவிட்டு அந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதினார். வழக்கின் அடுத்த தவணையில் நீதவான் அதை இரண்டு தரம் வாசித்தார். அன்றே அந்தப் பெண் மகளோடு கட்டுக்கரை பஸ்ஸில் ஏறினார்.

இன்றும் இதே வேலைதான் செய்கிறேன். ஒருவர் தடுமாறினால் முதலில் என் சொல்லைத்தான் சந்தேகப்படுகிறேன்.