ஒரே சந்தன நிறத்தில் மூன்று துண்டுகள்

துணி என்றால் விறைப்பாக நிற்க வேண்டும் என்பது எங்கள் வெண்ணந்தூர்த் தறிக்காரர்களின் கட்சி. "கஞ்சி குடிச்ச துணியும் கள்ளு குடிச்ச ஆளும் வெறச்சுக்கிட்டுத்தான் நிக்கணும்" என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். பனியன் துணியைத் துணிக் கணக்கிலேயே நாங்கள் சேர்த்ததில்லை. அப்படிப்பட்ட நான், போன கோடையில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில், ஆர்டரின் பேரில் டி-ஷர்ட் தைத்துத் தரும் கடையொன்றில் போய் நின்றேன்.

என் மனைவிக்கு மார்பில் கட்டி. அறுத்தெடுத்தார்கள், மாதக்கணக்கில் ஊசி மருந்து ஏற்றினார்கள், கடைசியாகக் கதிர் பாய்ச்சிக் கரண்ட் வைத்தார்கள். கரண்ட் பட்ட இடம் தணலில் வாட்டிய கத்தரிக்காய்த் தோலாகிவிட்டது. ரவிக்கை ஆகவில்லை. நான் நெய்த துண்டே அவளுக்கு முள்ளாகக் குத்தியது. முன்பக்கம் திறந்து மூடுகிற மாதிரி, இடது பக்கம் தையலே இல்லாமல், மேலே பட்டால் உறுத்தாத ஒரு சட்டை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"எத்தனை பீஸுங்கண்ணா? காலேஜுக்கா, கபடி டீமுக்கா?" என்றது கடைப்பெண்.

"ஒண்ணே ஒண்ணுங்க. ஊட்டுக்காரிக்கு."

அந்தப் பெண் சிரித்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய் மூன்று துண்டு வெட்டிக்கொண்டு வந்தது. ஒன்று சுத்தப் பருத்தி. ஒன்று பாலியஸ்டர் கலந்தது. இன்னொன்றில் மோடல் கலந்திருக்கிறதாம், மரக்கூழிலிருந்து எடுக்கிற நூல். மூன்றுக்கும் ஒரே சந்தன நிறம்.

"கண்ணுக்கு ஒண்ணாத்தாங்கண்ணா தெரியும். தொட்டாத்தான் வித்தியாசம். அக்காவே தொட்டுப் பாத்துச் சொல்லட்டும்."

அதில் எனக்குக் கவலையே இல்லை. டிவியைப் பார்த்தபடி தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும்போதே, "இது வேற நூலுங்க, உங்கள ஏமாத்திப்போட்டான்" என்று சொல்கிற விரல்கள் அவளுடையவை. பஸ்ஸில் நானும் தடவிக்கொண்டே வந்தேன். பருத்தியில் லேசாகப் பூப்பூவாய்ப் பஞ்சுப் பிசிறு இருந்தது. பாலியஸ்டர் கலந்தது வழுக்கியது. மோடல், தொட்டித் தண்ணீரில் கையை விட்டது போலிருந்தது.

மூன்றையும் அவள் மடியில் வைத்தேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தாள்.

"எல்லாம் ஒண்ணுதானுங்க."

"செலவைப் பாக்காத புள்ள. அதுல மரத்துநூலு ஒண்ணு இருக்குது. எதுன்னு சொல்லு பாக்கலாம்."

"கட்டையில போறதுக்குள்ள மரத்தையும் உடுத்திப் பாத்தறோணுமாக்கும்" என்று சிரித்தாள். மறுபடி தேய்த்தாள். திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். பிறகு துணியை விட்டுவிட்டுத் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி ஏத்துனதுல இருந்து நுனியெல்லாம் செத்துப்போச்சுங்க. பாத்திரம் சுடுதான்னுகூடத் தெரியறதில்ல. சொன்னா நீங்க பயந்துக்குவீங்க."

அவள் கையிலிருந்த கொப்புளங்களுக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது. அந்தக் கையால்தான் இத்தனை நாளும் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

துண்டுகளை ஒவ்வொன்றாக அவள் கழுத்தில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மூன்றுக்கும் "ம்" என்றாள். "உங்களுக்கு எது புடிச்சிருக்குதுங்க?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் அவளுக்கு நான் துணி தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை. மோடலைச் சொன்னேன். தூக்கிப் பிடித்தால் செத்த பாம்பு போலத் தொங்குகிற துணி.

சட்டை தைத்து வந்ததும் நானே போட்டுவிட்டேன்.

"உறுத்துதா?"

"மேல துணி இருக்கறதே தெரியலீங்க."

இதற்கு மேல் ஒரு துணிக்கு என்ன பாராட்டு வேண்டும்? சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் துணி அவ்வளவு நல்ல துணியா, இல்லை, விரல் போன வழியில் அந்த இடமும் போய்விட்டதா? எனக்குத் தெரியவில்லை.

கீழ்ப் பித்தான் ஒன்று திறந்திருந்தது. குனிந்து அதைப் போட்டுவிட்டேன்.