பூந்தொட்டியிடம் வழி கேட்டவர்கள்

அந்தப் பார்சல் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் வயர் அக்காவுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் எல்லோரும் முதலில் அவளுடைய மேனேஜரைத்தான் கூப்பிடுவார்கள். சுவரில் ஒட்டிய போன் பட்டியலில் அவர் எண்தான் மேலே. அவர் எடுக்கவே மாட்டார். பிறகுதான் அக்காவுக்கு மணி அடிக்கும்.

இரண்டு மாதமாக எந்தப் புதுப் பக்கத்தைத் திறந்தாலும் ஐந்து நொடி அசையாமல் நின்றது. அக்கா ஒரு கம்ப்யூட்டரைக் குடைந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"வெப்சைட் பேரைச் சொன்னா அதோட முகவரி சொல்ற சர்வர் நமக்கு ரெண்டு இருக்கு. பட்டியல்ல மேல இருக்கறதைத்தான் இந்தக் கம்ப்யூட்டர் முதல்ல கேக்கும். 'அப்படி ஒண்ணும் இல்லை'ன்னு அது சொன்னாக்கூட ஏத்துக்கும். பதிலே வரலைன்னாதான், அஞ்சு நொடி பொறுத்துட்டு அடுத்ததுகிட்ட போகும்."

"மேல இருக்கறது எங்கக்கா?" என்றாள் பில் போடும் பெண்.

அக்கா மேனேஜர் அறையைக் காட்டினாள். இரண்டு மாதம் முன்பு வயரைப் பிடுங்கிய பழைய சர்வர், அங்கே ஒரு பூந்தொட்டிக்கு முக்காலியாக நின்றது. நாற்பது கம்ப்யூட்டர்களும் இத்தனை நாள் அதனிடம்தான் மரியாதையாக வழி கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றன!

அக்கா கம்ப்யூட்டர்களில் சர்வர் வரிசையை மாற்றினாள். பக்கங்கள் பறந்தன. அந்தக் குஷியில் பில் போடும் பெண் சுவர்ப் பட்டியலையும் மாற்றி, அக்காவின் எண்ணை மேலே ஏற்றிவிட்டாள்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததுமே போன் அடித்தது. அக்கா எடுக்காமல் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஐந்தில் அது அடங்கியது. அடுத்த அறையில் மணி அடித்தது. தன் எண்தான் கீழே போய்விட்டதே, இனி யாரும் கம்ப்யூட்டர் கோளாறுக்குத் தன்னைத் தேட மாட்டார்கள் என்ற தைரியத்தில், மேனேஜர் எடுத்துவிட்டார்.