பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

அவசரப் பிரிவில் அவருக்கு ‘மூச்சு டாக்டர்’ என்று பெயர். இழுப்போடு வருகிறவர்களைப் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறார். அவருக்கும் ஆஸ்துமா, தம்பிக்கும் ஆஸ்துமா. சின்ன வயதில் ஒருநாள் தம்பியை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரவைத்து, டாக்டர் வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் வருவதற்குள் பையனுக்கு உதடெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. பிழைத்துக்கொண்டான், இன்று தொப்பையோடு நன்றாகவே இருக்கிறான். ஆனால் அக்காவுக்கு ஆறவில்லை.

வளர்ந்து டாக்டரானதும் அதையே ஆராய்ச்சியாக எடுத்தார். மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை, டாக்டருக்காகக் காத்திராமல், நோயாளி நுழைந்ததும் பார்க்கும் முதல் அறையிலேயே நர்ஸ் கொடுத்தால் என்ன? இரண்டு வருடம், அறுநூற்றுச் சொச்சம் நோயாளிகள். வந்த அரை மணிக்குள் மாத்திரை போட்டவர்களில் வார்டில் சேர்க்க வேண்டியவர்கள் குறைவு என்று கட்டுரை வெளிவந்தது. அதைப் படித்து நான்கு ஆஸ்பத்திரிகள் தங்கள் வழக்கத்தையே மாற்றிக்கொண்டன.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை, அந்த முதல் அறையில் நின்றவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதென்று பதறினார். தலைமை நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“மெதுவா போங்க டாக்டர். அது பத்து நிமிஷம் முன்னாடி ஓடுது. நாந்தான் அப்படி வச்சேன். அப்பத்தான் இந்த நர்ஸ் பொண்ணுங்க டூட்டிக்கு நேரத்துக்கு வருதுங்க.”

எத்தனை நாளாக என்று கேட்டார். நாலு வருஷமாக என்றாள். நர்ஸ்கள் எல்லோருக்கும் தெரியுமாம். டாக்டர்கள்தான் செல்போனில் மணி பார்க்கிறவர்களாயிற்றே!

அவர் மீட்டிங்கை மறந்துவிட்டார். நோயாளி வந்த நேரத்தைப் பதிவது கம்ப்யூட்டர். மாத்திரை கொடுத்த நேரத்தை நர்ஸ் எழுதியது இந்தக் கடிகாரத்தைப் பார்த்து. பத்து நிமிடத்தைக் கழித்தாவது எழுதினீர்களா என்று கேட்டால், “மனசுல கணக்குப் போடாதீங்க, கண்ணுல தெரியிறத எழுதுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றாள். சொன்னது உண்மைதான். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. நிமிடங்களைப் பற்றியே பன்னிரண்டு பக்கம் எழுதிய மனுஷி, கடிகாரம் சரியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்கள்.

அரை மணிக்குள் மாத்திரை போட்ட எத்தனையோ பேர் ‘தாமதம்’ என்ற பக்கத்தில் கிடக்கிறார்கள். அவர்களை இந்தப் பக்கம் சேர்த்தால் முடிவு நிற்குமா, கவிழுமா? கவிழ்ந்தால், நான்கு ஆஸ்பத்திரிகள் ஒரு பொய்யை நம்பி வைத்தியம் பார்க்கின்றன என்றுதானே அர்த்தம்.

வீட்டுக்காரர் ஆறுதலாகத்தான் சொன்னார், யாருக்குத் தெரியப் போகிறது என்று. எனக்குத் தெரியுமே என்றார் இவர். அன்று மாலையே கட்டுரை வெளிவந்த பத்திரிகைக்கு நடந்ததை எழுதிப் போட்டார். கட்டுரைக்குப் புள்ளிவிவரம் பார்த்தவரை மறுபடி உட்காரவைத்தார். எதற்கெடுத்தாலும் தசமத்தோடு பேசுவதால் அவருக்குப் பெயரே ‘தசமம்’. மூன்று நாள் கணக்குப் போட்டார். அந்த மூன்று நாளில் மூச்சு டாக்டருக்கே இரண்டு முறை இழுத்தது.

மூன்றாம் நாள் மதியம் தசமம் வந்து உட்கார்ந்து, முதலில் தண்ணீர் கேட்டார். நிதானமாகக் குடித்தார். சொல்லித் தொலையுங்கள் என்றார் டாக்டர்.

“எழுபத்தோரு பேர் இடம் மாறிட்டாங்க. முன்ன வார்டுல சேர்றவங்க நூத்துக்குப் பதினாலு பேர் குறைவுன்னு போட்டோம். இப்போ பன்னண்டு புள்ளி மூணு. நிக்குது டாக்டர்.”

போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தார், அழுதார், அந்தப் புள்ளி மூன்றுக்கும் சேர்த்து நன்றி சொன்னார். அப்புறம் உட்கார்ந்து, அச்சில் வரவேண்டிய திருத்தத்தை எழுதினார்.

சாயங்காலம் தலைமை நர்ஸ் வந்து கதவோரம் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. பெயர் வந்துவிடுமோ என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்து, டாக்டர் எழுதியதைக் காட்டினார்: ‘நேரத்தைப் பதியப் பயன்பட்ட கடிகாரத்தை ஆய்வாளர் சரிபார்க்கத் தவறிவிட்டார்.’

“ஆய்வாளர்னா நாந்தான். உன் பேர் எங்கயும் வராது.”

“பேருக்கில்ல டாக்டர். அத்தன பேருக்கும் மாத்திரைய கையால எடுத்துக் கொடுத்தது நாங்கதானே. அதெல்லாம் வீண்தானோன்னு மூணு நாளா தூக்கமே இல்ல.”

மதியத்திலிருந்து தான் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. முடிவு நின்றதை இவளிடம் ஒருவரும் சொல்லவேயில்லை. எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வீணில்லம்மா. ஒண்ணுகூட வீணில்ல.”